மரமும் கொடியும் கற்பிக்கும் பேச்சு



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பேச்சு. மேடையில் பேசும் பேச்சு அன்று. வீட்டுக்குள் கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும், அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் மனந்திறந்து பேசிக்கொள்ளும் பேச்சைப் பற்றியே சிந்திக்கப்போகிறோம்.

இதற்குப் பெரிய நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் வாழும் நமக்கு வாசற்படியிலேயே நல்ல ஆசான்கள் உண்டு. படியை விட்டு இறங்கினால் பால்மரம் நிற்கிறது, செம்பனை நிற்கிறது. அவற்றின் அடியில் மண்ணை மூடிக் கொடி படர்ந்திருக்கிறது. பாதையோரத்தில் தொட்டாற்சுருங்கி பூத்திருக்கிறது. நம்மில் பல குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக இவற்றோடு பழகி வந்திருக்கின்றன. இவற்றின் குணத்தை நாம் அறிவோம். ஆனால் அந்தக் குணத்திலிருந்து நம் வீட்டுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நம் வீடுகளின் நிலையைப் பார்ப்போம். விடியற்காலையில் அப்பா பெரட்டுக்குப் போய்விடுகிறார். பல வீடுகளில் அம்மாவும் உடன் போகிறார். பிள்ளைகள் எழுந்து குளித்துப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கிறார்கள். பெற்றோர் களைத்துத் திரும்பும்போது பிள்ளைகள் வீட்டில் இல்லை. பிள்ளைகள் திரும்பும்போது பெற்றோர் அசந்து படுத்திருக்கிறார்கள். மாலையில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். ஆனால் ஒருவர் தொலைக்காட்சியின் முன், ஒருவர் அடுப்பின் முன், ஒருவர் கைப்பேசியின் முன். "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒன்னுமில்ல" என்று பதில் வருகிறது. அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

பேச்சு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று சிலர் கேட்கலாம். சில வீடுகளில் குடிதான் முழுகிப்போகிறது. நாம் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்வோம். நல்ல குடும்பம். குடி இல்லை, சண்டை இல்லை. மூத்த மகளின் திருமணத்துக்காகத் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். மனைவி கவலைப்படுவார் என்று அவரிடம் முழுத் தொகையைச் சொல்லவில்லை. மனைவிக்குக் கால் வீங்கி வலித்தது. கணவர் ஏற்கெனவே ஏதோ கவலையில் இருக்கிறார், இதையும் சொல்லி வருத்தக்கூடாது என்று அவர் மறைத்துக்கொண்டார். இளைய மகன் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். கரும்பலகையில் எழுதுவது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி என்றால் பணம். வீட்டில் பணமில்லை என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவனும் சொல்லவில்லை. பாடம் பின்தங்கியது. ஆசிரியர் ஏசினார். ஒருநாள் அவன் பேருந்தை விட்டு இறங்கி, பள்ளிக்குள் போகாமல் வேறு பக்கம் நடந்தான். பிறகு அதுவே பழக்கமாயிற்று. பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் பெற்றோருக்குச் செய்தி தெரிந்தது.

இந்த வீட்டில் யார் கெட்டவர்? ஒருவரும் இல்லை. மூவரும் மற்றவர்மேல் வைத்த அன்பினால்தான் வாய்திறக்காமல் இருந்தார்கள். நாம் இன்று கவனிக்க வேண்டியது இதைத்தான். பகையினால் வரும் மௌனத்தை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அன்பினால் வரும் மௌனம் நல்ல பிள்ளைபோல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது செய்யும் கேடு வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். ஒரு மூக்குக் கண்ணாடியோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி, ஒரு பிள்ளையின் படிப்பையே விலையாகக் கேட்டுவிட்டது.

இனி நம் முதல் ஆசானாகிய பால்மரத்திடம் போவோம்.

ரப்பர் மரம் இந்த நாட்டு மரமன்று. தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு மரம். 1876-ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து அதன் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அமேசான் காட்டில் அந்நாளில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்பகுதியும் காயப்படும். பிறகு அங்கே வளரும் பட்டை மேடும் பள்ளமுமாகப் போகும். 1888-ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி என்னும் அறிஞர் இதற்கு வேறு வழி கண்டார். மரத்தைக் கொத்தாமல், பட்டையை மட்டும் மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டுக்கோட்டில் மறுபடியும் மறுபடியும் சீவினால் மரமும் கெடாது, பாலும் நிறைய வரும் என்று 1890-களில் அவர் காட்டினார். இன்று நம்மவர் கையில் இருக்கும் வெட்டுமுறைக்கு அதுவே தொடக்கம்.

பால் வெட்டுகிறவர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஏனென்றால் பால்நாளங்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். உயிர்ப்பகுதிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை பட்டையை விட்டுவிட்டு வெட்டுகிறவரே தேர்ந்த கைக்காரர். இந்தக் கணக்கை எந்த அளவுகோலும் வைத்து அவர் பார்ப்பதில்லை. கை அறிகிறது.

வீட்டுப் பேச்சிலும் இந்த ஆழக் கணக்கு உண்டு. "சாப்பிட்டியா, குளிச்சியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது மேற்பட்டையைச் சுரண்டுவது. பிள்ளையின் மனத்திலுள்ளது வராது. "நீ உருப்படவே மாட்டே, உன் அண்ணனைப் பாரு" என்று தொடங்கினால் அது கோடரியால் கொத்துவது. ஏதோ ஒன்று வெளியே வரலாம். ஆனால் அந்த இடத்தில் மனம் கரடு தட்டிப்போகும். அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. "இந்த மாசம் கணக்குல மார்க் குறைஞ்சிருக்கு. பாடம் விளங்கலையா, இல்ல வேற எதாச்சும் தொந்தரவா?" என்று கேட்பது சரியான ஆழம். அங்கே குற்றச்சாட்டு இல்லை. ஆனால் கேள்வி நேராகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது.

அடுத்தது நேரம். அதிகாலையில் ஏன் பால் வெட்டுகிறோம்? இரவெல்லாம் மரம் நீரை நிறைத்து வைத்திருக்கிறது. அதனால் பால்நாளங்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெட்டியவுடன் பால் வழிகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றுகின்றன, நாளத்தில் அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. அதே மரம், அதே கத்தி, அதே கை. நேரம் மட்டுமே வேறு. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டுவதே இல்லை. வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் பரவி வீணாகும்.

நம் வீட்டில் முக்கியமான செய்திகளை எந்த நேரத்தில் பேசுகிறோம்? கணவர் வெயிலில் குலை அறுத்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்போது கடைக் கணக்கைப் பற்றிப் பேச்சு எடுக்கிறோம். மனைவி அடுப்பில் ஒரு கையும் பிள்ளையிடம் ஒரு கையுமாக நிற்கும்போது, ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பற்றிக் கேட்கிறோம். பதில் சூடாக வருகிறது. பிறகு, "இவரிடம் பேசவே முடியாது" என்று முடிவு செய்துவிடுகிறோம். உண்மையில் அவரிடம் பேச முடியும். அந்த நேரத்தில்தான் பேச முடியாது. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அதிகாலை உண்டு. சிலருக்கு இரவு உணவுக்குப் பின் வாசலில் காற்றாட உட்காரும் நேரம். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் படுக்கப் போகும் நேரம். அந்த நேரத்தை அறிந்து பேசுவதே பாதி வெற்றி.

பால்மரம் இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பால் மங்கில் இறங்கிய பிறகு நெடுநேரம் அப்படியே கிடந்தால் என்ன ஆகும்? நுண்ணுயிர்கள் அதில் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். பால் உறைந்து கட்டியாகிவிடும். பாலாக நிறுக்கப்படவேண்டியது கட்டிப்பாலாகப் போகும். அதைத் தடுக்கவே சில சொட்டு அம்மோனியா விடுகிறார்கள். சிறு மனத்தாங்கலும் அப்படித்தான். அன்றைக்கே பேசினால் அது நீராக இருக்கும். எந்தப் பாத்திரத்திலும் ஊற்றிச் சரிசெய்யலாம். "அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாம போயிட்டீங்களே" என்ற வருத்தம் ஒரு வாரத்துக்குள் பேசப்பட்டால் ஒரு கோப்பைத் தேநீரோடு தீரும். பத்து ஆண்டுகள் கிடந்தால், இரண்டு குடும்பங்கள் ஒரே கோவில் திருவிழாவில் இரண்டு பக்கமாக நிற்கும். காரணம் என்னவென்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இரண்டாவது செய்தி, ஓய்வைப் பற்றியது. பால் அதிகம் வேண்டும் என்று அளவுக்கு மீறி அடிக்கடி வெட்டினால், மரம் ஒருநாள் பால் தருவதையே நிறுத்திவிடுகிறது. வெட்டுக்கோடு வறண்டு கிடக்கும். பட்டை இருக்கும், இலை இருக்கும். பால் மட்டும் இராது. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பல தோட்டங்களில் வழங்கிவந்தது. வறண்ட மரத்துக்கு மருந்து ஓய்வுதான். மனந்திறந்து பேச வேண்டும் என்று கேட்டவுடன் சில பெற்றோர் பிள்ளைகளை நாள்தோறும் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கே போனாய், யாரோடு போனாய், யார் அழைத்தது, கைப்பேசியைக் காட்டு என்று நாளுக்கு நான்கு முறை கேட்டால் பிள்ளையின் மனம் வறண்டுவிடும். உடல் வீட்டில் இருக்கும், பேச்சு இராது. கேட்கவும் வேண்டும், கேட்காமல் சற்று விடவும் வேண்டும்.

அடுத்த ஆசான், மரங்களுக்கு இடையே படர்ந்து கிடக்கும் கொடி. புதிதாகக் கன்று நட்ட நிலத்தில் புவேரியா, கலப்பகோனியம், செண்டிரோசீமா முதலிய அவரையினக் கொடிகளைத் தூவி விடுவார்கள். பின்னாளில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முகூனா என்ற கொடியும் சேர்ந்துகொண்டது. மண் அரிக்காமல் இருக்கவும், களை முளைக்காமல் இருக்கவும், மண்ணுக்கு உரம் சேரவும் இவை உதவுகின்றன. உரம் எப்படிச் சேருகிறது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். செடிகளுக்கு அது வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடியால் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணில் ரைசோபியம் என்னும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த ஆற்றல் உண்டு. ஆனால் அவற்றுக்கு உண்ணச் சர்க்கரை வேண்டும். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. இருட்டு மண்ணுக்குள் இருவரும் எப்படிச் சந்திக்கிறார்கள்?

கொடிதான் முதலில் அழைக்கிறது. அதன் வேர் ஒருவகை இரசாயனப் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த நுண்ணுயிர் வேரை நோக்கி வருகிறது. வந்து சும்மா நிற்பதில்லை. தன் பங்குக்கு வேறொரு பொருளை வெளிவிடுகிறது. அது கொடிக்குப் பதில். அந்தப் பதில் கிடைத்த பிறகே வேரின் மெல்லிய தூவி வளைந்து நுண்ணுயிரை அணைத்து உள்ளே விடுகிறது. எல்லா நுண்ணுயிருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. உரிய பதிலைச் சொல்லத் தெரிந்ததற்கே திறக்கிறது. பிறகு வேரில் சிறு முண்டு உண்டாகிறது. அதற்குள் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உகந்த சத்தாக மாற்றித் தருகிறது. செடி சர்க்கரையைத் தருகிறது.

பிள்ளைகளே, இதை நீங்களே பார்க்கலாம். பெற்றோரையோ ஆசிரியரையோ கேட்டுக்கொண்டு ஒரு கொடியை மெல்லத் தோண்டி எடுங்கள். வேரிலுள்ள முண்டு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே கொடுக்கல் வாங்கல் நின்றுவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, யாராவது ஒருவர் முதலில் திறக்க வேண்டும். நம் வீடுகளில் "அவர் பேசட்டும், பிறகு நான் பேசுகிறேன்" என்று இருவரும் காத்திருக்கிறோம். வேரும் காத்திருந்து, நுண்ணுயிரும் காத்திருந்தால் மண்ணில் உரம் ஏது? பெரியவர்கள் முதலில் திறப்பது இன்னும் நல்லது. "எனக்கு இந்த மாசம் கையில கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா உன் படிப்புக்கு வேணுங்கறத நீ கேக்காம இருக்காதே" என்று தந்தை ஒரு முறை சொல்லியிருந்தால், நாம் முன்பு சொன்ன பையன் தன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பான். தந்தையின் கஷ்டத்தைப் பிள்ளை அறிந்தால் தந்தையின் மதிப்புக் குறையாது. மறைத்து வைத்தால்தான் பிள்ளை தானாக ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்கிறது.

மற்றொன்று, பதில். ஒருவர் பேசினால் அது அழைப்புத்தான், உரையாடல் ஆகவில்லை. மறுபக்கத்திலிருந்து ஏற்ற பதில் வந்தால்தான் கதவு திறக்கிறது. மனைவி கால் வலி என்று சொன்னால், "எனக்கு மட்டும் வலிக்கலையா" என்பது பதிலன்று. "எத்தனை நாளா? நாளைக்குக் கிளினிக்குக்குப் போவோமா?" என்பது பதில். பிள்ளை தன் தோல்வியைச் சொன்னால் உடனே அடிப்பது பதிலன்று. அப்படி அடி வாங்கிய பிள்ளை அன்றைக்கு ஒரு பாடம் படிக்கிறது: இனிச் சொல்லக்கூடாது என்ற பாடம்.

மூன்றாவது ஆசான் செம்பனை. இன்று நம் நாட்டில் ரப்பரைவிடச் செம்பனையே மிகுந்த நிலத்தில் நிற்கிறது. ஒரே செம்பனையில் ஆண் பூங்குலையும் வரும், பெண் பூங்குலையும் வரும். ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே சமயத்தில் வருவதில்லை. சில காலம் ஆண் பூ, சில காலம் பெண் பூ. ஆகையால் ஒரு மரம் காய்க்க வேண்டுமானால் பக்கத்து மரத்தின் மகரந்தம் வேண்டும். அந்தப் பெண் பூவும் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் திறந்திருப்பது இரண்டு மூன்று நாள்களே.

முற்காலத்தில் இங்கே காய்ப்பிடிப்புக் குறைவாக இருந்தது. பல தோட்டங்களில் தொழிலாளர்கள் ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, பெண் பூக்களைத் தேடித் தேடி ஊதிவிட்டார்கள். நம் தாய்மார்களில் சிலர் அந்த வேலை செய்தவர்கள். செம்பனையின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அங்கே இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று ஆர். ஏ. சையது என்னும் பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்தார். எள்ளளவுள்ள ஒரு மூக்கு வண்டு செய்கிறது என்று கண்டார். பூ விரியும்போது சோம்பைப் போன்ற ஒரு மணம் வெளிவருகிறது. அந்த மணத்தைக் கேட்டே வண்டு வருகிறது. கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த வண்டு, 1981-ஆம் ஆண்டு நம் நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன் பின்னர் கையால் மகரந்தம் ஊதும் வேலை தேவையற்றுப் போயிற்று, காய்ப்பிடிப்பும் உயர்ந்தது.

மணம் வீசாத பூவுக்கு வண்டு வராது. தன் தேவையை வெளியே தெரிவிப்பது பலவீனமன்று. காய்ப்பதற்கு அதுவே வழி. "நான் சொல்லாமலே அவங்களுக்குப் புரியணும்" என்று நம்மில் பலர் எதிர்பார்க்கிறோம். இருபது ஆண்டு வாழ்ந்த கணவன் மனைவிக்குள்ளும் சொல்லாதது தெரியாது. காய்ப்பிடிப்பு இல்லாத குலையைப் போல அந்த எதிர்பார்ப்பு வெம்பிப் போகும். பெண் பூவைப் போலவே மனித மனமும் எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. "அப்பா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது, "அப்புறம் பார்க்கலாம், செய்தி ஓடுது" என்று சொன்னால், அந்த இரண்டு நாள் போய்விடும். மறுபடி எப்போது திறக்குமோ, யார் அறிவார்?

கடைசியாகத் தொட்டாற்சுருங்கி. தொட்டால் இலையை மூடிக்கொள்கிறது. இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பிலிருந்து நீர் இடம்மாறுவதால் அது சுருங்குகிறது. ஆனால் பிள்ளைகளைக் கேளுங்கள். அது மூடியே கிடப்பதில்லை. பத்து நிமிடம் போல் சும்மா விட்டால் தானாக விரிகிறது. இலை மூடியிருக்கும்போது வெயிலைக் கொண்டு உணவு செய்ய அதற்குக் கடினம். ஆகவே அது பயந்தாலும் மூடியபடியே வாழ முடியாது.

மோனிக்கா காலியானோ என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-ஆம் ஆண்டு இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொட்டிகளில் வளர்த்த தொட்டாற்சுருங்கிச் செடிகளை 15 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற இடத்தில் மறுபடியும் மறுபடியும் விழச் செய்தார்கள். முதலில் செடிகள் இலையை மூடின. விழுவதால் தீங்கொன்றும் வரவில்லை என்றானபோது, சிறிது சிறிதாக மூடுவதை நிறுத்திவிட்டன. ஒரு மாதம் கழித்துச் செய்தபோதும் அவை அப்படியே நடந்துகொண்டன.

வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இவன் ஊமைக் கோட்டான்" என்று பட்டம் சூட்டாதீர்கள். எப்போதோ பேசி அடிபட்டிருக்கும், அதனால் மூடிக்கொண்டிருக்கும். விரலால் பிடித்து இலையை விரிக்க முயன்றால் இலை கிழியும். பேசினால் தீங்கு வராது என்பதைப் பலமுறை நடந்து காட்டினால் அது தானாக விரியும். ஒரு நாளில் நடக்காது. பல நாளில் நடக்கும்.

நேயர்களே, இங்கே ஒரு சொல். இயற்கையில் நடப்பதெல்லாம் நமக்குப் பாடம் என்று நாம் சொல்லவில்லை. செம்பனையின் கதையிலேயே ஒரு வஞ்சகம் இருக்கிறது. அந்த வண்டு உண்பதும் முட்டையிடுவதும் ஆண் பூவில்தான். பெண் பூ அதே போன்ற மணத்தை வீசி வண்டை ஏமாற்றி வரவழைக்கிறது. பதிலுக்கு ஒன்றும் தருவதில்லை. மரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. நமக்குத் தெரியும். ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளுவது நம் பொறுப்பு. இனிக்கப் பேசி வரவழைத்து ஏமாற்றுகிறவர்கள் மனிதர்களிலும் உண்டு. வட்டிக்குப் பணம் தருகிறவரும், வெளிநாட்டில் வேலை என்று ஆசை காட்டுகிறவரும், கைப்பேசியில் முகம் தெரியாமல் பழகுகிறவரும் மிக அழகாகப் பேசுவார்கள். வீட்டில் மனந்திறந்து பேசப் பழகிய பிள்ளை அத்தகையோரைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்லும். வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளையே அவர்களிடம் போய் மனத்தைத் திறக்கும்.

இன்னொரு ஐயமும் சிலருக்கு எழலாம். பிள்ளைகளைப் பேசவிட்டால் மரியாதை போய்விடாதா? எதிர்த்துப் பேசுவதும் மனந்திறந்து பேசுவதும் ஒன்றல்ல. "நீங்க எனக்கு என்ன செஞ்சீங்க?" என்பது எதிர்ப்பேச்சு. "அப்பா, நீங்க எல்லார் முன்னாடியும் ஏசினது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்பது மனந்திறந்த பேச்சு. இரண்டாவதில் மரியாதை குறைவில்லை. வள்ளுவர் இனியவை கூறலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். இனிய சொல் என்றால் உண்மையை மறைக்கும் சொல் என்று பொருளன்று. உண்மையைப் பிறர் ஏற்கும்படி சொல்லும் சொல் அது. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்கள் பெற்றோரே. தவறு தம்முடையது என்று தெரிந்தால், "நான் சொன்னது தப்புதான்யா" என்று பிள்ளையிடம் சொல்லும் தந்தையின் மதிப்பு அந்த வீட்டில் உயருமே தவிரத் தாழாது.

மிக முக்கியமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா வீட்டிலும் பேசித் தீர்க்க முடியும் என்று நாம் சொல்லமாட்டோம். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவரிடம், அந்த வேளையில், மனந்திறந்து பேசப் போவது ஆபத்து. அங்கே மௌனமாகப் பொறுத்துக்கொள்வதும் வழியன்று. அப்போது வீட்டுக்கு வெளியே வாய்திறக்க வேண்டும். நம்பிக்கையான உறவினரிடம், பள்ளி ஆசிரியரிடம், மருத்துவமனையில், காவல் நிலையத்தில் சொல்லலாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. தாலியான் காசே என்னும் அரசாங்க உதவி எண் 15999; இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறவர் உறவினராகவே இருந்தாலும், குடும்ப மானம் என்று மூடி மறைக்கக்கூடாது. மூடியது அழுகும். பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள்.

இவ்வளவும் கேட்டபின், நாளை முதல் என்ன செய்யலாம்? நான்கு சிறு காரியங்களைச் சொல்கிறோம். வாரத்தில் மூன்று நாளாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த அரைமணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும். அப்போது பெரியவர்கள் முதலில் தம்முடைய நாளைப் பற்றிச் சொல்லட்டும்: எந்த நிரையில் வேலை, என்ன தொந்தரவு, என்ன சிரிப்பு. பிள்ளைகள் தாமாகத் தொடர்வார்கள். இரண்டாவது, மாதச் சம்பளம் வந்ததும் கணவனும் மனைவியும் வரவு செலவையும் கடனையும் ஒரு தாளில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, பிள்ளை ஒரு கெட்ட செய்தியோடு வந்தால், முதலில், "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள்; கண்டிக்க வேண்டியதைப் பிறகு கண்டியுங்கள். நான்காவது, மனத்தாங்கல் எதுவும் ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பால் உறைவதற்குள் மங்கைக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம்தானே!

பள்ளியில் நாங்கள் ஆசிரியர்கள் பாடத்தைச் சொல்லித் தருகிறோம். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, காலையில் பசி, வழியில் ஒருவன் மிரட்டுகிறான் என்பதையெல்லாம் அந்தப் பிள்ளை வாய்திறந்து சொன்னால்தான் யாரும் உதவ முடியும். வாய்திறக்கும் பழக்கம் வகுப்பறையில் தொடங்குவதன்று. சோற்றுத் தட்டின் முன் தொடங்குவது.

இன்று இரவு உங்கள் வீட்டில், யார் முதலில் பேசுவது என்று காத்திராமல், நீங்களே தொடங்குங்கள். வேர் அழைத்தால்தான் மண்ணில் உரம் சேரும்.